களத்தில் தோற்றவர்

என் அப்பாவின் பெயர் குழந்தைவேல். புதுச்சேரியை அடுத்த பாகூர் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். நீரிழிவு வந்து பதினொரு ஆண்டுகள். சென்ற ஆண்டு ஜூன் மாதம் அறுபத்து மூன்று வயதில் இறந்தார். புண்ணிலிருந்து இரத்தத்தில் நச்சு பரவியதாக மருத்துவமனைக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. அது சரிதான். ஆனால் அது கடைசிப் படி. முதல் படி ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாமல் தோற்றுத் தோற்றுச் செத்த மக்கு என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர் நிற்கிறது. அந்தப் பெயர் தவறு. அதற்காகத்தான் அவர் மகள் நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் களம் சிமெண்டுத் தளம். நவரை அறுப்பு முடிந்ததும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய அங்கே நெல் காயும். பரப்பிய நெல்லை முக்கால் மணிக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். பலகையால் இழுத்தால் மேல்நெல் மட்டும் நகரும். அடிநெல் ஈரமாகவே கிடக்கும். ஆகவே காலால்தான் கிளறுவார்கள். பாதத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, சால் பிடித்ததுபோல் வரிசை வரிசையாக நடப்பது. வெறுங்காலோடு. நெல்லின் மேல் செருப்புக் கால் படக் கூடாது. மீறியவரை அடுத்த போகத்தில் களத்தில் சேர்க்கமாட்டார்கள்.

காவலுக்கு உட்காருபவர்களுக்கு நிழல், களத்தை ஒட்டிய கிடங்கின் தகரத் தாழ்வாரம். அங்கே எப்போதும் நான்கு பேர். அப்பா. அவரோடு ஒன்றாகப் படித்த தமிழ்க்குமரன் மாமா. சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து நிலத்துக் குமரவேல் மாமா. கணவர் இறந்தபின் நிலத்தைத் தானே பார்க்கும் தனக்கொடி அத்தை. நான்கு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது.

உச்சி வெயிலில் எழுந்து போய்க் கிளற யாருக்கும் மனம் வராது. யார் முறை என்று தினமும் சச்சரவு. போன வருடத்துக்கு முந்தைய நவரையில் தமிழ்க்குமரன் மாமா அட்டை போன ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். கேள்வி கேட்பது அவர். அவர் முறை வந்தால் குமரவேல் மாமா கேட்பார். முதலில் தப்பாகச் சொல்பவர் அவுட். அவுட் ஆனவர் போய் நான்கு பேருடைய நெல்லையும் கிளறிவிட்டு வர வேண்டும். சட்டம் அவ்வளவுதான். லீப் வருடத்துக்கு எத்தனை நாள், தவளைக்கு எத்தனை விரல், முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் எத்தனை பாகை. அறுபது வயதுக்காரர்கள் இதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பெரும்பாலும் தோற்றார்.

இதை நான் வியப்பாக நினைக்கவில்லை. வியந்திருக்க வேண்டும். வடை சுற்றிய காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவார். நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது, என்னைக் கொண்டுபோய் விட வரும் நாட்களில், என் புத்தகங்களைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒரு நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் எவ்வளவு என்று சொல்வார். ஒரு முறை நான் வேலை செய்யும் சோதனைக்கூடத்திலிருந்து ஈரமானி கொண்டுவந்து சோதித்தேன். அரைச் சதவீதம்தான் வித்தியாசம். ஒரகடம் பக்கத்தில், தொழிற்சாலைகளின் வெப்பமானிகளைச் சரிபார்த்துச் சான்று தருவது என் வேலை. ஈரமானிக்குப் பதிலாக அவரையே எங்கள் சோதனைக்கூடத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அன்று சொன்னேன். அவர் அப்படிப்பட்டவர் என்று தெரிந்தும், தவளை விரலில் தோற்றதை நம்பினேன்.

அவருடைய பாதம் மரத்திருந்ததும் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு பொங்கலின்போது கடைக்குப் போனவர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக வீடு திரும்பினார். எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் சோதனைக்கூடத்தில் உணர்வி ஒன்று சூட்டைக் காட்டாமல் போனால் சிவப்புச் சீட்டு ஒட்டி அதே நிமிடம் ஒதுக்கிவைப்போம். அப்பாவுக்கு ஒரு சோதனையும் செய்யச் சொல்லவில்லை. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அதே ஆண்டு மே மாதம் பதினான்காம் தேதி எடுத்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எடுத்தவர் தமிழ்க்குமரன் மாமா. இன்னும் என்னிடம் இருக்கிறது.

"கொழந்த, ஒனக்கு லட்டு மாரி ஒரு கேள்வி. புதுச்சேரிக்கு மொத்தம் எத்தினி பகுதிடா?"

அப்பா தகரத்தை அண்ணாந்து பார்க்கிறார். "மூணு."

"மூணா! எண்ணு பாக்கலாம்."

"புதுச்சேரி ஒண்ணு. காரைக்கால் ரெண்டு. ஏனாம் மூணு."

"மாஹே?"

"அது கேரளாவுலல்ல கீது? அவன் ஊட்டுக் கொல்லையில இருக்கறத நாம இன்னாத்துக்கு எண்றது?"

குமரவேல் மாமா சிரித்துச் சிரித்து நெல் மூட்டையில் சாய்கிறார். "இத்தினி வருசம் ஓட்டு வேற போட்டுக்கினு இருந்தான்டா இவன்!"

"அவுட்டு. எழுந்து போடா மக்குப் பயலே. வெயில்ல நின்னா புத்தி வரும்."

"அண்ணே, தலையில துண்டப் போட்டுக்கினு போ" என்பது தனக்கொடி அத்தையின் குரல். தலையைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை.

அப்பா இறங்கிப் போகிறார். மற்றவர்கள் அந்தத் தளத்தில் குதித்துக் குதித்து ஓடுவார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நிதானமாக நடக்கிறார். "அவன் காலு எரும காலுடா" என்கிறார் குமரவேல் மாமா. அதில் பெருமை இருக்கிறது. ஆறு நிமிடம் ஓடும் வீடியோ. கடைசியில் அப்பா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மதிய உணவு இடைவேளையில் பார்த்தேன். உடன் வேலை செய்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஒலியைக் குறைத்தேன். அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "நாலு. மானத்தை வாங்காதப்பா." கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

அன்று மட்டும் மூன்று முறை போயிருக்கிறார். மாலையில் வீட்டுத் தரையில் ஈரத் தடம் இருந்ததைப் பார்த்து, கால் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்துவிட்டார் என்று அம்மா திட்டியிருக்கிறாள். தண்ணீர் இல்லை அது. கொப்புளம் உடைந்து வந்த நீர். வலது பாதத்தின் அடித்தோல் ஓரமாகக் கழன்று தொங்கியது. வலி இல்லை என்று அப்பா சொன்னார். வலி இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு பற்பசை தடவினார்கள். மறுநாள் மஞ்சள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் களத்துக்குப் போனார். கேள்விகளுக்குத் தவறாகவே பதில் சொன்னார். கிளறினார்.

எனக்குச் சொன்னது ஒன்பதாம் நாள். அதுவும் அம்மா, வீட்டில் ஒரு நாற்றம் அடிக்கிறது, எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடியும் கிடைக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அன்றே புறப்பட்டேன்.

புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்ததும் மூன்று விரல்களை எடுத்தார்கள். தொற்று இத்தோடு நின்றால் பாதம் தப்பும், நிற்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அப்பா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வரப்புல நடக்க முடியுமா சார்?"

மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போனபோது, வேலையிலிருந்து கிளம்பும்போது என் பையிலேயே இருந்த அகச்சிவப்பு வெப்பமானியோடு களத்துக்குப் போனேன். பகல் பன்னிரண்டரை. நெல் இருக்கும் இடத்தில், நெல்லுக்கு அடியில் தரை நாற்பத்தேழு டிகிரி. நெல் இல்லாத வெறும் சிமெண்டு அறுபத்தொன்று புள்ளி நான்கு. தாழ்வாரத்திலிருந்து நெல்வரை அந்த வெறும் சிமெண்டில் போக இருபத்திரண்டு அடி, வர இருபத்திரண்டு அடி. காலால் கிளறும்போது சாலுக்குச் சால் வெறும் தரை திறந்துகொள்ளும். அறுபதைத் தாண்டினால் தோல் வேகச் சில வினாடிகள் போதும். எண்களைக் குறித்துக்கொண்டேன்.

தனக்கொடி அத்தை பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா பாப்பா அளக்கற?"

"சூடு."

"அண்ணன் அடி வெச்ச எடமெல்லாம் ஈரமா இருந்துச்சு. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள காஞ்சிப்பூடும். வேர்வைன்னு நெனச்சிக்கினோம்."

"எந்த நாளு?"

"மூணு நாளும்தான்."

ஏதோ அதிசயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் திரும்பி வந்துவிட்டேன். நின்றிருந்தால் அவள்மேல் துப்பியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து மூவரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். புத்தகத்தையும் எடுத்து வந்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. கட்டுப்போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் வாடையை மறைக்க நான் ஊதுவத்திக்கு அனுமதி கேட்டிருந்தேன், தரவில்லை. தமிழ்க்குமரன் மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பிரித்தார்.

"சும்மா படுத்துனு இருந்தா நேரம் எப்பிடிடா போவும்? ரெடியா?"

"கேளுடா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிலந்திக்கு எத்தனை கால். பூமிக்கு அருகில் உள்ள விண்மீன் எது. ஒரு ஹெக்டேருக்கு எத்தனை சதுர மீட்டர். பத்துக் கேள்வி. அப்பா பத்துக்கும் சரியாகச் சொன்னார். நிறுத்தாமல், யோசிக்காமல், கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார்.

"பார்றா" என்றார் குமரவேல் மாமா. "வெரலு போனதும் மூள வந்துடுச்சுடா இவனுக்கு!"

மூவரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். செவிலி வந்து அதட்டியபின் எழுந்து போனார்கள்.

அவர்கள் போனதும் கேட்டேன்.

"எல்லாம் தெரியுமாப்பா ஒனக்கு?"

"அஞ்சாங்கிளாசு புஸ்தகம்தான. ரெண்டு தபா படிச்சா வந்துடும்."

"அப்ப களத்துல ஏன் தப்பு தப்பா சொன்ன?"

"அவனுங்களுக்குச் சுடும்டி. குமரவேலு குதிச்சிக்கினே ஓடுவான், பாக்கவே பாவமா இருக்கும். தனத்துக்கு முட்டி வலி. எனக்குத்தான் சூடே தெரியாதே."

"நானே போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சும்மா போனா ஒத்துக்குவானுங்களா? ஒன்கிட்ட எவன்டா வேல வாங்குவான்னு ரோசம் வந்துடும். தோத்துட்டுப் போனா பேச்சு கெடயாது."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "மாஹே எங்க கீதுன்னு வாயத் தெறந்து சொன்னேனே பாப்பா. அதுக்கப்பறமும் தெரியாம இருக்குமா?"

எனக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. நான் அனுப்பிய செய்தியும் ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் பிறந்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் எவருக்கும் நான்கு பகுதி என்று தெரியாமல் இருக்காது. மாஹே எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதை எண்ணாமல் விட்டவர், வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார். இது கண்டுபிடிப்பு இல்லை. கேட்டதும் புரிந்திருக்க வேண்டியது. அந்தத் தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே சிரித்தார்கள், அனுப்பினார்கள், நிழலில் உட்கார்ந்து வீடியோ எடுத்தார்கள்.

நான்கு நாளில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு இரண்டாம் நாள் விடிகாலையில் அப்பா இறந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் காலை தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். எட்டடிக்கு ஐந்தடி. கண்ணீர் அஞ்சலி. வீடியோவிலிருந்து வெட்டி எடுத்த படம். தலையில் துண்டு, பின்னால் வெயில், சிரிப்பு. கீழே 'மூணு' குழந்தைவேல் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, களத்து நண்பர்கள். பேருந்துக்கு நின்றிருந்த இரண்டு பெண்கள் அதைப் படித்துவிட்டு, ஏன் மூணு என்று ஒருத்தி கேட்க, மற்றவள் கதையைச் சொன்னாள். இருவரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தமிழ்க்குமரன் மாமாவைத் தேடிப் போனேன். மறுநாள் படத்திறப்பில் பேசப் போவது அவர்தான்.

"மாமா, அப்பா வேணும்னே தப்பா சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"இன்னாமா, இப்பப் போயி இதெல்லாம்…"

"தெரியுமா?"

துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஒரு மாரி தெரியும்."

"நாளைக்கு அத மைக்ல சொல்லுங்க. அவருக்கு எல்லாம் தெரியும், எங்களுக்காகத்தான் தோத்தாருன்னு. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"சொல்றேம்மா. அவன் எனக்கு இன்னா, மூணாவது மனுசனா?"

மறுநாள் பந்தலில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். படத்தைத் திறந்து மாலை போட்டபின் மாமா மைக்கைப் பிடித்தார். குழந்தைவேலு ஒரு வெள்ளந்தி என்றார். சூதுவாது தெரியாதவன், பேருக்கேத்த மாதிரி குழந்தை என்றார். பிறகு களத்துக் கதையைச் சொன்னார். மூணு என்று அப்பா குரலிலேயே சொல்லிக் காட்டினார். பந்தல் சிரித்தது. "கடைசி வரைக்கும் அந்த நாலாவது பகுதி எதுன்னு தெரியாமலே பூட்டான்யா என் கூட்டாளி" என்று சொன்னபோது மாமாவின் குரல் உடைந்தது. அழுதார். அழுகை உண்மையானது. நடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னால் தங்களுக்கும் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தும் ஏன் அனுப்பினீர்கள் என்று ஊர் கேட்கும். அதைவிட அப்பா மக்காக இருப்பது எல்லாருக்கும் வசதி.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"புதுச்சேரிக்கு எத்தனை பகுதின்னு தெரியாதவங்க கை தூக்குங்க" என்றேன்.

யாரும் தூக்கவில்லை.

"எங்கப்பாவுக்கும் தெரியும். தமிழ்க்குமரன் மாமாவுக்குக் கால் சுடக் கூடாதுன்னு தெரியாத மாதிரி இருந்தாரு. அது மாமாவுக்கும் தெரியும். நேத்து என்கிட்ட ஒத்துக்கிட்டாரு."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். குமரவேல் மாமா தரையைப் பார்த்தார். தனக்கொடி அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தமிழ்க்குமரன் மாமா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாரோ, "எலயப் போடுங்கப்பா, நேரமாவுது" என்றார்கள். இலை போட்டார்கள். ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி உட்கார்ந்தது. வடை இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

அம்மா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி இப்பிடிப் பண்ண? ஆவணியில சொர்ணவாரி நெல்லு வந்துடும். நான் ஒருத்தியா காய வெக்க முடியுமா? எவன் வருவான் எனக்கு?"

"நான் வரேன்."

"ஒனக்கு லீவு எத்தினி நாளு?"

இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

"அப்பா வேணும்னே தோத்தது ஒனக்குத் தெரியுமாம்மா?"

"வூட்ல ஒக்காந்துதான படிச்சாரு அந்தப் புஸ்தகத்த. வேணாய்யான்னு சொன்னேன். கேட்டாரா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா டிபன் கேரியரில் சாதம் வைத்தாள். சாம்பார், பொரியல், வடை, பாயசம். "தமிழு சாப்புடாம பூட்டான். கருமாதிச் சோறு துன்னாம போறது நல்லதில்ல. கொண்டும் போயிக் குடு."

அம்மாவுக்குத் தெரியும். நண்பர்களுக்குத் தெரியும். நெருங்கியவர்களில் அவரை மக்கு என்று நிஜமாகவே நம்பியது நான் ஒருத்திதான். மானத்தை வாங்காதே என்று எழுதியதும் நான்தான். கேரியரை எடுத்துக்கொண்டு போனேன்.

மாமா பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேரியரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"பேனர எறக்கச் சொல்ட்டேம்மா."

"எறக்க வேணாம். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுங்க."

"ஃப்ளெக்ஸ்ல எப்பிடிம்மா அத மட்டும் எடுக்கறது?"

"ஏணி இருக்கா?"

இருந்தது. இருவரும் தெருமுனைக்குத் தூக்கிப் போனோம். அவர் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். பிளேடால் நான்கு பக்கமும் கோடு போட்டேன். அந்த வார்த்தை மட்டும் துண்டாக வந்தது. கீழே இறங்கியதும் மாமா கையை நீட்டினார்.

"குடும்மா. நான் எங்கனா போட்டுடறேன்."

கொடுக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஏணியை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார்.